ஃபேரிங் ஸ்பீக்கரில் கோளாறா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது

ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எம்4 சாலை வழியாக உம்ஷ்லாங்காவைத் தாண்டி பாலிட்டோ பக்கம் போகிற பெரிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் ஃபேரிங்கில் (முன்னால் காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் கூட்டில்) கம்பெனி ஸ்பீக்கர் இருக்காது. அதைக் கழற்றிவிட்டு வெளியே வாங்கியதை மாட்டியிருப்பார்கள். மாட்டிய சில வாரத்தில் புகார் வரும்: "அண்ணா, ஸ்பீக்கர் சரியில்லை, இதைவிடப் பெருசா ஒண்ணு போடலாமா?"

பொறுங்கள். புது ஸ்பீக்கர் கெட்டுப்போவது அபூர்வம். எர்த் ஒயர், பவர் ஒயர், ப்ளஸ் மைனஸ் மாறிப்போன இணைப்பு, காற்று ஒழுகும் விளிம்பு என்று கோளாறு பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு வெளியேதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் பெரிய ஸ்பீக்கர் போட்டால், அதே கோளாறு இன்னும் சத்தமாகக் கேட்கும்.

கீழே சொல்வதெல்லாம் ஃபேரிங்கில் 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு, பேட்டரியிலிருந்து நேராகப் பவர் எடுக்கும் சின்ன கிளாஸ்-டி ஆம்ப் (ரேடியோவின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்று என்ற அமைப்புக்கு. ஒரு மல்டிமீட்டர், ஒரு பென்டார்ச் செல், கொஞ்சம் ஃப்யூஸ், இரண்டு பக்கமும் கிளிப் வைத்த ஒயர் இருந்தால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியானால், எது சரி செய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே தொல்லை திரும்பி வரும்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் பேட்டரியை அளங்கள். ராத்திரி முழுக்க ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் வர வேண்டும். வராவிட்டால் ஸ்பீக்கர் வேலையை நிறுத்திவிட்டு சார்ஜிங்கைப் பாருங்கள். அது சரியில்லாத வண்டியில் மற்ற எந்த அளவையும் நம்ப முடியாது.

சத்தமே இல்லை

முதலில் ஆம்பில் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் பேட்டரிப் பக்கத்து ஃப்யூஸைப் பார்த்துவிட்டு, ஆம்பின் ப்ளஸ், மைனஸ் முனைகளிலேயே மீட்டரை வையுங்கள். 12 வோல்ட் இருக்கிறதா? அப்புறம் ரிமோட் ஒயரிலும் (ஆம்பை விழிக்கச் சொல்லும் மெல்லிய ஒயர்) சாவி போட்டதும் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஆம்ப் வேலை செய்யாது. மீட்டர் இழுப்பது மிகமிகக் குறைந்த மின்சாரம். நூறு இழையில் இரண்டு இழை மட்டும் ஒட்டியிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். அதனால் பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து, ஆம்புக்கு வரும் ப்ளஸ், மைனஸ் ஒயர்களை அதில் கொடுங்கள். வெள்ளையாக எரிந்தால் ஒயர் நல்ல ஒயர். மங்கலாக, மஞ்சளாக எரிந்தால் வழியில் எங்கேயோ லக்கோ (ஒயர் முனையில் போடும் வளையம்) கிரிம்ப்போ (நசுக்கிப் பிடித்த இணைப்பு) அரித்திருக்கிறது. ஒவ்வொரு இணைப்பாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கையோடு வந்துவிடும்.

சிவப்பு விளக்கு எரிந்தால் ஆம்ப் தன்னைத் தானே பூட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர் ஒயர்கள் எல்லாவற்றையும் ஆம்பிலிருந்து கழற்றுங்கள். பச்சைக்கு மாறினால் ஒயரில் ஷார்ட். ஃபேரிங்கை மூடும்போது இரண்டு பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒயர் நசுங்கியிருக்கும், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் முனை இரும்புத் தாங்கியில் தொட்டுக்கொண்டிருக்கும். 4 ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் அளந்தால் 3.2-இலிருந்து 3.8 வரை காட்டும். அரை ஓம் காட்டினால் ஷார்ட். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. ஸ்பீக்கர் ஒயருக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவில் எந்த அளவும் வரக் கூடாது. ரேடியோவிலிருந்து வரும் ஸ்பீக்கர் மைனஸும் எர்த்தும் ஒன்றல்ல. அதை வண்டிச் சட்டத்தில் இணைத்தால் ரேடியோவின் உள் ஆம்ப் போய்விடும்.

ஒரு பக்கம் மட்டும் ஊமை

ஆம்பில் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கம் மாறினால் கோளாறு ஆம்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. அதே பக்கம் நின்றால் ஒயர் அல்லது ஸ்பீக்கர். இதற்கு மேல் யோசிக்க இதில் ஒன்றுமில்லை.

ஹேண்டிலைத் திருப்பினால் விட்டுவிட்டுக் கேட்கிறது

ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்பும் ஃபேரிங் உள்ள வண்டிகளில் வரும் தொல்லை இது. ஹார்லி ஸ்ட்ரீட் கிளைட், எலெக்ட்ரா கிளைட் போன்றவற்றில் பார்க்கலாம். ரோட் கிளைடில் ஃபேரிங் சட்டத்தோடு நிலையாக இருப்பதால் அங்கே இது வருவதில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஃபேரிங்குக்குப் போகும் ஒயர் ஸ்டீயரிங் கழுத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் மடங்கி நிமிர்கிறது. மேல் உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். பாட்டை ஓடவிட்டு, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் அறும் இடத்தில் நிறுத்தி, கழுத்துப் பக்கம் ஒயரை இரண்டு விரலால் கிள்ளிக்கொண்டே வாருங்கள். அறுந்த இடம் விரலுக்குத் தெரியும், மற்ற இடத்தைவிட மெத்தென்று இருக்கும்.

அங்கே சால்டர் வைத்து ஒட்ட வேண்டாம். சால்டர் ஏறிய செம்பு விறைத்துவிடும், அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும். நுண்ணிய இழைகள் நிறைந்த, சிலிக்கான் உறை போட்ட ஒயரை அந்தப் பகுதி முழுக்கப் புதிதாக ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்குத் தளர்வு விடுங்கள், கழுத்தில் கேபிள் டை போட்டு இறுக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். எங்கேயும் முட்டவோ தடுக்கவோ கூடாது. கேபிள் ஆக்ஸிலேட்டர் உள்ள வண்டியில் திருப்பும்போது இன்ஜின் வேகம் கூடவே கூடாது. கூடினால் உங்கள் ஒயர் ஆக்ஸிலேட்டர் கேபிளை இழுக்கிறது. அது பாட்டு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. சரிசெய்யாமல் வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.

இன்ஜினோடு சேர்ந்து ஊளைச் சத்தம்

அதிகம் பேரைப் பாடாய்ப் படுத்துவது இதுதான். அதிகம் பேர் தப்பான இடத்தில் பணம் செலவழிப்பதும் இதற்குத்தான்.

முதலில் என்ன சத்தம் என்று காது கொடுங்கள். ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கச் சுருதி ஏறும் ஊளையா? சார்ஜிங்கிலிருந்து வருகிறது. டிக் டிக் என்று இன்ஜின் வேகத்துக்கு அடிக்கிறதா? ஸ்பார்க் பிளக் பக்கத்திலிருந்து வருகிறது. இரண்டாவதற்கு, ரெசிஸ்டர் உள்ள பிளக்தான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பிளக் ஒயரிலிருந்து சிக்னல் ஒயரைத் தள்ளி ஓட்டுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகும்.

ஊளைக்கு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேடியோவின் ஒலியளவை அடியோடு குறையுங்கள். ஊளை சேர்ந்து குறைந்தால் அது ரேடியோவிலோ அதற்கு முன்னாலோ நுழைகிறது. அப்படியே நின்றால் ரேடியோவுக்குப் பிறகு. அடுத்து இன்ஜினை நிறுத்தி, ரேடியோவிலிருந்து ஆம்புக்குள் பாட்டு சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போதும் ஊளை இருந்தால் ஆம்பின் பவர், எர்த் வழியாக வருகிறது. நின்றுவிட்டால் சிக்னல் வழியாக வருகிறது. போனை யூஎஸ்பியில் சார்ஜ் போட்டுக்கொண்டு, அதே போனிலிருந்து ஆக்ஸ் ஒயரில் பாட்டு எடுப்பவர்கள் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பல வண்டியில் கதை அங்கேயே முடிந்துவிடும். சார்ஜரின் எர்த்தும் ஆக்ஸ் ஒயரின் எர்த்தும் போன் வழியாக ஒரு சுற்றாகச் சேர்ந்துவிடுவதுதான் காரணம். புளூடூத்துக்கு மாறினால் அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது.

அடுத்தது எர்த். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறு முனையை ஆம்பின் எர்த் ஸ்க்ரூவிலும் வையுங்கள். இன்ஜின் ஓட வேண்டும், பாட்டு சத்தமாகப் பாட வேண்டும். அளவு 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் திருடன் அகப்பட்டான். ஃபேரிங் தாங்கியில் பெயின்ட் மேலேயே லக்கை முறுக்கியிருப்பார்கள், அல்லது பவுடர் கோட் பூசிய சட்டத்தில் மாட்டியிருப்பார்கள். என் கருத்தில், வண்டிச் சட்டத்தில் எர்த் தேடுவதே வேண்டாத வேலை. ஆம்பிலிருந்து பேட்டரிக்கு ஒன்றரை மீட்டர்கூட இருக்காது. ப்ளஸ் எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் மைனஸையும் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோங்கள்.

ஒயரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலிவாக விற்கும் ஆம்ப் ஒயர் பலவற்றில் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையை எடுத்துக் கத்தி நுனியால் சுரண்டிப் பாருங்கள். சுரண்டச் சுரண்டச் சிவப்பாகவே இருந்தால் செம்பு. சிவப்பு போய் வெள்ளை தெரிந்தால் அலுமினியம். நம் கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து அந்த அலுமினியத்தைக் கிரிம்ப்புக்குள்ளேயே வெள்ளை மாவாக்கிவிடும். படகுக் கடைகளில் ஈயம் பூசிய செம்பு ஒயர் கிடைக்கும். அது வெளியே வெள்ளி நிறமாக இருக்கும், சுரண்டினால் சிவப்பு வரும். விலை கூடுதல், ஆனால் உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு வாங்க வேண்டியது அதுதான். 400 வாட் ஆர்எம்எஸ் (இடைவிடாமல் தரும் திறன்) ஆம்ப் ஒன்று முழு மூச்சில் சுமார் 36 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுங்கள். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை, ஆம்பை அல்ல. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் தடுக்க ஒன்றுமில்லை.

எர்த் சரியாக இருந்தும் ஊளை போகவில்லையா? பவர் ஒயரும் ஆர்சிஏ ஒயரும் ஒரே கட்டாகப் போகின்றனவா பாருங்கள். ஒன்றை டேங்கின் இடது பக்கமாகவும் மற்றதை வலது பக்கமாகவும் ஓட்டுங்கள். தாண்டியே ஆக வேண்டிய இடத்தில் குறுக்காக, நேர்க்கோணத்தில் தாண்டட்டும். அப்புறம் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியின் இரண்டு கம்பத்திலும் வையுங்கள். இன்ஜின் ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜிங் மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரில் சந்தேகப்படுங்கள். ஊளை ஒரு முன்னெச்சரிக்கையாகக்கூட இருக்கலாம், வான் ரீனன் கணவாயில் வண்டி நின்றுபோவதற்கு முன்னால் தெரிந்துகொண்டது நல்லதுதான்.

கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா விற்கிறார்கள். ஊளையை நிறுத்தும், உண்மை. மலிவானது போட்டால் பேஸையும் சேர்த்துக் குறைத்துவிடும். காரணம் அப்படியே இருக்க, காதை மட்டும் சமாதானப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. எல்லாம் பார்த்த பிறகு கடைசியாக வேண்டுமானால் போடுங்கள்.

பேஸ் இல்லை, சத்தம் ஒட்டாமல் இருக்கிறது

பென்டார்ச் செல்லின் வேலை இங்கே. ஆம்பில் ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி, ப்ளஸ் ஒயரில் செல்லின் ப்ளஸையும் மைனஸில் மைனஸையும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'பொட்' என்று ஒரு சத்தம் வரும், கூம்பு லேசாக முன்னால் தள்ளி உடனே திரும்பும். நேராகப் பார்த்தால் தெரியாது, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் முன்னால் தள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் அதன் ஒயர் மாறியிருக்கிறது. ஒன்று தள்ளும் காற்றை இன்னொன்று இழுத்துக்கொள்வதால் பேஸ் காணாமல் போகிறது. ட்வீட்டரை (உச்ச சுருதிக்கான சின்ன ஸ்பீக்கரை) மட்டும் தனியாக ஒயர் போட்டிருந்தால் இந்தச் சோதனை அதற்கு வேண்டாம்.

ப்ளஸ் மைனஸ் சரியாக இருந்தால் விளிம்பைப் பாருங்கள். கூம்பின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலக்கக் கூடாது. 2013 வரை வந்த ஹார்லி டூரிங் வண்டிகளின் ஃபேரிங்கில் ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கர் இருந்தது. அந்த இடத்தில் ஆறரை அங்குலம் வைக்க அடாப்டர் வளையம் போடுகிறார்கள். வளையத்துக்கும் ஃபேரிங்குக்கும் நடுவில் ஒரு ரூபாய்த்தாள் போல மெல்லிய இடைவெளி இருந்தால் போதும், பேஸ் அதன் வழியாகப் போய்விடும். பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டு, நனைத்த விரலை வளையத்தைச் சுற்றிக் கொண்டுபோங்கள். காற்று படும் இடம் தெரியும். தண்ணீர் ஏறாத நியோப்ரீன் பட்டையை முழு வட்டமாக, முனையோடு முனை சேரும்படி ஒட்டுங்கள்.

2014 முதல் வந்த ஹார்லி ரேடியோவில் ஒலிச் சமன்பாடு (ஈக்வலைசர்) கம்பெனி ஸ்பீக்கருக்கு ஏற்றபடி உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆம்ப் சேர்த்தவர்கள் டீலரிடம் அந்த ரேடியோவின் மென்பொருளை மாற்றி எழுதச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் நல்ல ஸ்பீக்கரைத் திட்டுபவர்கள் உண்டு.

நிற்கும்போது அருமை, ஓடும்போது கரகரப்பு

ஓடும்போது கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுகிறோம், ஆம்ப் அதன் எல்லையைத் தாண்டி அலையின் தலையை வெட்டுகிறது, அது கரகரப்பாகக் கேட்கிறது. ட்வீட்டர் எரிவதும் இப்படித்தான்.

ஆம்பில் உள்ள கெயின் குமிழ் (உள்ளே வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்துவது) ஒலியளவுக் குமிழ் அல்ல. அதைக் காதால் வைக்காமல் மீட்டரால் வையுங்கள். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, போனில் 400 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுருதியை ஓட்டுங்கள் (மலிவு மீட்டர்கள் அதற்கு மேல் பிசகும்). சமன்பாடு எல்லாம் பூஜ்யத்தில், ரேடியோ முக்கால் அளவில். ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை அளங்கள். கணக்கு எளிது: வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 75 வாட், 4 ஓம் என்றால் 300-இன் வர்க்கமூலம், 17.3 வோல்ட். அங்கே வந்ததும் குமிழை நிறுத்துங்கள். ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டில் எது குறைந்த ஆர்எம்எஸ்ஸோ அதைக் கணக்கில் வையுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் போட்ட 'அதிகபட்ச வாட்' எண்ணை மறந்துவிடுங்கள்.

ஹை-பாஸ் ஃபில்டரை (தாழ்ந்த சுருதிகளைத் தடுப்பது) 80-க்கும் 100 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் வையுங்கள். அதற்குக் கீழே உள்ள பேஸ் ஓடும் வண்டியில் எப்படியும் கேட்காது, காற்றின் இரைச்சல் அதைத்தான் முதலில் விழுங்குகிறது. கூம்பை வீணாக ஆட்டுவது மட்டும்தான் மிச்சம்.

ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தமே 90 டெசிபலைத் தாண்டும். அதை வாட்டால் வெல்லப் பார்த்தால் தோற்பது உங்கள் காது. விண்ட்ஸ்கிரீனின் உயரத்தை மாற்றுங்கள், ஸ்பீக்கர் நெஞ்சைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். என்3 சாலையில் ஜோகன்னஸ்பர்க் வரை போகிறவர்கள் காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் இரைச்சல் குறைந்தால் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும், போட்டுப் பார்த்தவர்கள் கழற்றுவதில்லை.

குறிப்பிட்ட ஒரு சுருதியில் மட்டும் அதிர்கிறது

போனில் 60-இலிருந்து 400 ஹெர்ட்ஸ் வரை சுருதி மெதுவாக ஏறும் ஒலியை ஓட்டி, அதிரும் இடம் வந்ததும் அங்கேயே நிறுத்துங்கள். ஃபேரிங்கின் ஒவ்வொரு பகுதியாக உள்ளங்கையால் அழுத்துங்கள். எங்கே அழுத்தினால் நிற்கிறதோ அங்கே நுரைப்பட்டை. ஸ்க்ரூவை முரட்டுத்தனமாக முறுக்காதீர்கள், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ ஏறும் குமிழ் பிளந்துவிடும். ஸ்க்ரூ கழலாமல் இருக்கப் போடும் லாக்டைட் போன்ற திரவத்தையும் பிளாஸ்டிக்கில் விடாதீர்கள். இரும்புக்கு அது நல்லது, ஏபிஎஸ்ஸில் விரிசல் உண்டாக்கும்.

மழைக்குப் பிறகு

டர்பனில் கோடை மழை சும்மா தூறாது. காகிதக் கூம்பு போட்ட கார் ஸ்பீக்கரை ஃபேரிங்கில் வைத்தால் ஒரு பருவம் தாங்கினால் பெரிது. படகுக்கு என்று செய்த பிளாஸ்டிக் கூம்பு, ரப்பர் விளிம்பு உள்ளதை வாங்குங்கள். நனைந்து கரகரத்தால் ஓட்டாமல் நிழலில் காய விடுங்கள். காய்ந்த பிறகு நான்கு விரலைச் சமமாக வைத்துக் கூம்பை மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசல் கேட்டால் உள்ளே இருக்கும் காயில் (செம்புச் சுருள்) வீங்கியிருக்கிறது, அந்த ஸ்பீக்கர் போனதுதான். உரசல் இல்லையென்றால் கனெக்டரைப் பிரித்துப் பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள். சுத்தம் செய்து ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வைத்து மூடுங்கள். ஒயர் கனெக்டருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கே சொட்டிவிடும். பிரஷர் வாஷரை கிரில் பக்கம் காட்டவே கூடாது.

காலையில் பேட்டரி செத்திருக்கிறது

ரிமோட் ஒயரை சாவியோடு வராத லைனில் கொடுத்திருப்பார்கள், ஆம்ப் ராத்திரி முழுக்க விழித்திருக்கும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி மைனஸைக் கழற்றி, மீட்டரை ஆம்பியரில் வைத்து நடுவில் கொடுங்கள். சில மில்லி ஆம்பியர் என்றால் சாதாரணம். அரை ஆம்பியர் காட்டினால் ஆம்பின் ஃப்யூஸை எடுங்கள், அளவு விழுகிறதா பாருங்கள்.

இரவில் எதுவும் இழுக்கவில்லை, கடற்கரையில் பிராய் (தணலில் இறைச்சி சுடும் விருந்து) போடும்போது இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டதால் போனது என்றால் அது கோளாறு இல்லை, கணக்கு. 28 ஆம்பியர்-மணி பேட்டரியில் 10 ஆம்பியர் இழுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி காலி.

எஃப்எம் மட்டும் இரைகிறது

ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன் லோட்டஸ் எஃப்எம் தெளிவாகக் கேட்டது, இப்போது ஒரே இரைச்சல், ஆனால் போன் பாட்டு சுத்தமாக இருக்கிறது என்பார்கள். கிளாஸ்-டி ஆம்ப், யூஎஸ்பி சார்ஜர், எல்இடி ஹெட்லைட் மூன்றுமே எஃப்எம் அலைவரிசையில் குப்பையைக் கொட்டக்கூடியவை. ஸ்டேஷனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அணையுங்கள். சார்ஜர் என்றால் வேறு நல்ல சார்ஜர். ஆம்ப் என்றால் அதை ஆன்டெனா ஒயரிலிருந்து எட்டத்தில், முடிந்தால் ஃபேரிங்கிலிருந்து எடுத்துச் சேடில்பேகில் (பின்பக்கப் பக்கவாட்டுப் பெட்டியில்) வையுங்கள். அதன் பவர் ஒயரில் ஆம்புக்கு ஒட்டியே இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டுங்கள். ஃபேரிங்கைக் கழற்றி மாட்டும்போது ஆன்டெனா பிளக் முழுதாக உள்ளே போகாமல் நிற்பதும் உண்டு. மற்றதையெல்லாம் நகர்த்துவதற்கு முன்னால் அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.